குச்சியைச் சுற்றி ஒரு சாண் பச்சை

எங்கே உட்கார்ந்தாலும் அவருடைய வலது கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். வங்கியில், டாக்டர் அறைக்கு வெளியே, மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடக்கும்போது, எங்கும். பக்கத்தில் மனைவி இருந்தால் முழங்காலில் கை வைத்து அழுத்துவாள். கையை எடுத்ததும் கால் விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

நகரத்து விளையாட்டரங்கில் புல்தரைக்கு அவர்தான் பொறுப்பாளர். பத்தொன்பது வருட வேலை. அதனால் வீட்டிலும் தெருவிலும் அவருக்கு ‘மைதானம்’ என்று பெயர் விழுந்துவிட்டது. வாசலில் கூரியர்க்காரர் வந்து நின்று பெயரைச் சொன்னால், எதிர்வீட்டுக்காரர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, “ஓ, மைதானத்தைக் கேக்கறீங்களா?” என்பார்.

வேலையில் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆட்டத்துக்கு முந்தின நாள், புல் வெட்டி, கோடு போட்டு, தண்ணீர் தெளித்து முடித்த பிறகு, பார்வையாளர் படிகளில் கடைசி வரிசை வரைக்கும் ஏறுவார். நூற்றுப் பன்னிரண்டு படி. மூச்சு வாங்க அங்கே நின்று ஒரு தடவை கீழே பார்ப்பார். தரையில் நின்று பார்த்தால் எல்லாப் புல்லும் பச்சைதான், மேலே இருந்து பார்த்தால்தான் நோய் தெரியும் என்பது அவர் கட்சி. இந்தப் பத்தொன்பது வருடத்தில் ஒரு தடவைகூட ஏறாமல் விட்டதில்லை.

இவ்வளவும் தெரிந்த மனிதரின் வீட்டு முற்றத்தில் ஒரு புல் கிடையாது.

வீடு இரண்டு மாடி. மேலே அண்ணன் குடும்பம், கீழே இவர் குடும்பம். மாடிக்குப் படிக்கட்டு வெளிப்பக்கமாக ஏறும். பதினோரு வருடம் முன்பு பாகம் பிரித்தபோது சுவர், குழாய், தண்ணீர்த் தொட்டி எல்லாம் உனக்கு, எனக்கு என்று பிரிந்துவிட்டன. முற்றம் மட்டும் பொதுவில் நின்றது. நடுவில் ஒரு மாமரம், குடை விரித்தது போல. கிழக்கே புதிதாக எழும்பிய மூன்று மாடிக் கட்டடம் மிச்ச வெயிலையும் பிடித்து வைத்துக்கொண்டது. கீழே ஈர மண், பாசி, சருகு. இவருடைய மகளும் அண்ணன் மகனும் அதில்தான் பந்து விளையாடுவார்கள். சாயங்காலம் சேற்றோடு சேறாகத் திரும்புவார்கள். இரண்டு வீட்டுத் துணியும் ஒரே கயிற்றில் காயும். சண்டையில்லாத நாட்களில் இரண்டு வீட்டுப் பெண்களும் அங்கேதான் நாற்காலி போட்டுக் காய் நறுக்குவார்கள்.

அண்ணனுக்கு மருந்துக்கடை. முன்னால் நிற்பவருக்குத் தலைவலியா, வயிற்றுவலியா என்று கேட்காமலே கண்டுபிடிக்கிறவர் என்று பேர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் முற்றத்துக்கு ஓர் ஆளோடு வந்தார். ஆள் கையில் அளவு நாடா. நாடாவின் ஒரு முனையை மாமரத்தடியில் பிடிக்கச் சொல்லி, மறுமுனையைக் கேட்டருகே இழுத்தார்கள்.

கார் வாங்கப் போகிறாராம். முன்பணம் கட்டியாகிவிட்டது. வண்டி கைக்கு வர நாலு மாதம் ஆகும். அதற்குள் சிமெண்ட் போட்டுத் தரையை இறுக்கிவிட வேண்டும் என்றார். மைதானம் நாடாவைப் பார்த்தார். காரின் நீளத்தை மனதுக்குள் அங்கே நிறுத்திப் பார்த்தார். தன் வீட்டுக் கதவைத் திறக்க, தானே பக்கவாட்டில் நுழைய வேண்டியிருக்கும். பிள்ளைகள் தெருவுக்குப் போய்விடும். கயிறு போய்விடும். நாற்காலி போய்விடும். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக மிஞ்சப்போவது கேட்டின் பூட்டு மட்டும்தான்.

இதையெல்லாம் சொல்லியிருந்தால் அண்ணன் ஒருவேளை கேட்டிருப்பார். ஆனால் தம்பி வாயில் வந்தது வேறு.

“இங்க நான் புல்லு போடப் போறேன்.”

மேலே தையல் மிஷின் சத்தம் நின்றது. அண்ணி பள்ளிச் சீருடை தைப்பவள். வெளிச்சத்துக்காக மிஷினை மாடி முகப்பில் கைப்பிடிச் சுவரை ஒட்டிப் போட்டிருந்தாள். கால் மிதியில் இருந்தாலும் காது முற்றத்தில்தான்.

“பதினோரு வருஷமா போடாத புல்லா, தம்பி?” என்றாள் அங்கிருந்தே.

அளவு நாடாக்காரர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

“கார் வர்ற அன்னிக்கு இங்க புல்லு இல்லேன்னா, சிமெண்ட்ட நானே குழைச்சுத் தரேன் அண்ணா. புல்லு இருந்தா கார் தெருவுலதான் நிக்கும்.”

“எழுதி வாங்கிக்கவா?” என்றார் அண்ணன்.

“வாய் வார்த்தை போதும்.”

அன்றோடு மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் பேச்சு நின்றது. பிள்ளைகள் மட்டும் வழக்கம் போலப் படியில் ஏறி இறங்கினார்கள். இவர் அந்தப் படியில் கால் வைக்கவில்லை.

முதலில் அவர் செய்தது, யாரும் எதிர்பார்க்கக்கூடியதுதான். அரங்கில் ஓரம் சீவும்போது கழித்துப் போடுகிற புல் பத்தைகளைக் கேட்டு வாங்கி வந்து பதித்தார். ஒட்டு அருகம்புல். ஊசி இலை, பட்டுப் போல இருக்கும். இருபத்திரண்டு பேர் முள்வைத்த காலணியோடு தொண்ணூறு நிமிடம் மிதித்தாலும் மறுநாள் எழுந்து நிற்கும். மாமரத்தடியில் அது மூன்று வாரம்கூட நிற்கவில்லை. மஞ்சளாகி, வெளுத்து, ஈரத்தில் படுத்துவிட்டது.

“வெயில் எத்தனை மணி நேரம் விழுது?” என்று கேட்டாள் நாற்றுப் பண்ணைக்காரம்மா. பத்தைகள் செத்த மறுநாளே மைதானம் அங்கே போய் நின்றுவிட்டார், என்ன வேலை பார்க்கிறார் என்று மட்டும் சொல்லவில்லை.

“நல்லா வெளிச்சம் இருக்கும்” என்றார்.

“வெளிச்சத்தைக் கேக்கல சார். வெயிலு.”

விடுமுறை நாளன்று சுண்ணக்கட்டியோடு முற்றத்தில் இறங்கினார். அரை மணிக்கு ஒரு தடவை, இலைகளுக்கு நடுவே வெயில் விழுந்த இடங்களைச் சுற்றிக் கோடு போட்டார். மகள் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றுக்கும் நேரம் எழுதினாள். மாலையில் முற்றம் முழுக்கக் கோணல்மாணலாக வட்டங்கள். கூட்டிப் பார்த்தால், எந்த இடத்துக்கும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் இல்லை. அதுவும் ஓட்டை ஓட்டையான வெயில்.

பண்ணைக்காரம்மா கணக்கைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். அருகை மறந்துவிடச் சொன்னாள். கொரியன் புல் ஓரளவு தாங்கும், ஆனால் இவ்வளவு நிழலில் மெதுவாக நகரும் என்றாள். பிறகு மூலையில் ஒரு தட்டைக் காட்டினாள். விரல் அகல இலை. தண்டு தரையோடு ஓடி, கணுவுக்குக் கணு வேர் விட்டிருந்தது. பஃபலோ புல் என்று கேட்டு வாங்குவார்களாம். நிழலுக்கு இதுதான், வேலையும் குறைவு என்றாள்.

மைதானத்துக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அரங்கில் இப்படி ஓர் இலை தலைகாட்டினால் முட்டி போட்டு வேரோடு பிடுங்குகிறவர் அவர்.

“இது மாடு மேயற மாதிரில்ல இருக்கு?”

“மேயட்டுமே. உங்க வீட்ல மாடு இல்லியே.”

இருந்தாலும் ஒரே புல்லை நம்பிக் கால் வைக்கிற ஆள் இல்லை அவர். அரங்கில் எப்படிச் சோதனை போடுவாரோ அப்படியே போட்டார். முற்றத்தில் மூன்று சதுரம், ஒவ்வொன்றும் இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர். ஒன்றில் மறுபடியும் அருகு, மனம் விடவில்லை. ஒன்றில் கொரியன். ஒன்றில் அகல இலை. ஒவ்வொன்றின் நடுவிலும் பெயர் எழுதிய ஒரு மரக்குச்சி.

பிறகு பார்க்க வேண்டுமே. காலை ஐந்து மணிக்கு எழுந்து தண்ணீர். பல் விளக்குவதற்கு முன் புல். அரங்கில் அப்படித்தான், வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் குடித்தாக வேண்டும். வாரத்துக்கு இரண்டு வெட்டு, கைவண்டி மெஷினை இரண்டரை சென்டிமீட்டரில் வைத்து. அதுவும் அரங்கு அளவு. பத்து நாளைக்கு ஒரு தடவை உரம். வேலைக்குக் கிளம்பும்போது ஒரு தடவை குனிந்து பார்ப்பார். பேருந்து நிறுத்தம் வரை போய்விட்டு, ஏதோ மறந்தது போலத் திரும்பி வந்து இன்னொரு தடவை பார்ப்பார். மத்தியானம் வீட்டுக்குப் போன் செய்து, மனைவியிடம் சாப்பிட்டாயா என்று கேட்காமல், கொரியன் எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். அன்று அவளுக்குக் காலை முறை.

“நான் வேலைல இருக்கேங்க. இங்க ரத்தம்தான் இருக்கு, புல்லு இல்ல” என்று வைத்துவிட்டாள்.

ஆறு வாரம் ஓடியது. மூன்று சதுரமும் மூன்று விதமாகச் செத்துக்கொண்டிருந்தன. அருகு இருந்த இடமே தெரியவில்லை. கொரியன் நடுவில் சொறி பிடித்தது போல் உதிர்ந்தது. அகல இலையும் வெட்ட வெட்ட வெளிறி, குச்சிகுச்சியாகத் தண்டு மட்டும் தெரிய ஆரம்பித்தது. மிச்ச இடத்தில் பாசி மட்டும் ஜோராக வளர்ந்தது. மகள் அதில் வழுக்கி விழுந்து முழங்கை தேய்ந்து வந்தாள். பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டே மனைவி சொன்னாள், சிமெண்ட்டே போட்டுவிடலாம் போலிருக்கிறது என்று.  அவர் தட்டில் இருந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய், இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டார்.

அரங்கிலும் மனம் நிற்கவில்லை. கோடு போடுகிற வண்டியைத் தள்ளிக்கொண்டே போய் ஆடுகளத்தின் மூலையில் கோட்டைத் தாண்டி இழுத்துவிட்டார். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. கூட வேலை செய்கிறவர்களே வந்து துடைத்துத் திருத்தினார்கள். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

மறுநாள் காலை வழக்கம் போல மெஷினைத் தள்ளிக்கொண்டிருந்தார். மேலே தையல் சத்தம் நின்றது. இரண்டு மாதமாக அண்ணி அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று அவளுக்கு அடக்க முடியவில்லை போலிருக்கிறது.

“தம்பி.”

அவர் நிமிரவில்லை.

“நீங்க போகாத எடத்துல மட்டும்தான் புல்லு இருக்கு.”

குத்தலாகத்தான் சொன்னாள். தோல்வியைச் சீக்கிரம் ஒப்புக்கொள்ளட்டும் என்ற எண்ணமாக இருக்கலாம். அவர் மெஷினை நிறுத்தினார். குனிந்து பார்த்தார். எல்லாம் ஒரே மாதிரி கந்தலாகத்தான் தெரிந்தது. அவள் மறுபடியும் தைக்க ஆரம்பித்தாள். அவர் அப்படியே நின்றார். எங்கே நிற்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. தரையில். இரண்டு மாதமாகத் தரையில்.

செருப்பை உதறிவிட்டு மாடிப்படியில் ஏறினார். பதினாறு படி. நூற்றுப் பன்னிரண்டு ஏறுகிறவருக்கு அந்தப் பதினாறில் மூச்சு வாங்கியது. அண்ணன் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், சட்டைப் பொத்தானில் கை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டார். மைதானம் யாரையும் பார்க்காமல் தையல் மிஷினைத் தாண்டிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார்.

ஒவ்வொரு சதுரமும் ஒரு அழுக்குத் துண்டு போலக் கிடந்தது. ஆனால் அகல இலைச் சதுரத்தின் நடுவில், மரக்குச்சியைச் சுற்றி, ஒரு சாண் அகலத்துக்குக் கரும்பச்சை. பொட்டு வைத்தது போல. குச்சியில் இடிக்கும் என்று மெஷின் அங்கே போவதில்லை. கத்தரியை எடுத்துக்கொண்டு போய் வெட்ட வேண்டும் என்று நினைத்து நினைத்து மறந்த இடம். அங்கே புல் கணுக்கால் உயரம். கொரியன் குச்சியைச் சுற்றி மெலிசாக ஒரு மஞ்சள் வளையம். அருகுக் குச்சியைச் சுற்றி வெறும் மண்.

அது மட்டுமில்லை. அகல இலை ஒரு தண்டைச் சதுரத்துக்கு வெளியே அனுப்பியிருந்தது. அது சுவரோரமாக, குழாயின் மறுபக்கம் ஓடி, ஹோஸ் தண்ணீர் எட்டாத காய்ந்த இடத்தில் கொத்துக் கொத்தாக இலை விட்டிருந்தது. அங்கே அவர் தண்ணீரும் விட்டதில்லை, உரமும் போட்டதில்லை. மிதித்ததும் இல்லை.

வெயில் குறைந்த புல்லுக்கு இலைதான் சாப்பாட்டுத் தட்டு. தட்டையே பாதியாக வெட்டி எறிந்துவிட்டு, ஏன் இளைத்தாய் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வெயிலில் காயும் மண்ணுக்குக் கொடுக்கிற தண்ணீரை நிழல் மண்ணுக்குக் கொடுத்து வேரை ஊற வைத்திருக்கிறார். எல்லாம் தெரிந்த விஷயம்தான். ஒரு வருடம் முன்பு வேறு யாராவது வந்து கேட்டிருந்தால் நின்ற நிலையில் சொல்லியிருப்பார்.

“என்ன தம்பி, மயக்கமா? தண்ணி குடிக்கிறீங்களா?” என்றாள் அண்ணி.

“இத்தனை நாளா இது உங்களுக்குத் தெரியுதா அண்ணி?”

“ஒரு மாசமா தெரியுது.”

“சொல்லியிருக்கலாமே.”

“நீங்க மேல வந்திருக்கலாமே.”

அண்ணன் மிச்சப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார்.

அன்று மாலையே பண்ணைக்குப் போய் அகல இலை மட்டும் வாங்கினார். முற்றம் முழுக்கக் கொத்தி, பாசியைச் சுரண்டி, மரத்தின் கீழ்க்கிளை இரண்டை எடுத்து, இரண்டு நாள் லீவு போட்டுப் பத்தை பத்தையாகப் பதித்தார். பிடிக்கிற வரைக்கும் இரண்டு வாரம் தண்ணீர். அப்புறம் நிறுத்தினார். மரத்தின் தூரைச் சுற்றி மட்டும் எதுவும் நடவில்லை. அங்கே வெயிலே இல்லை. சருகே கிடக்கட்டும் என்று விட்டார். கைவண்டி மெஷினை அரங்குக்கே கொண்டுபோய்ப் பூட்டி வைத்தார். வீட்டில் இருந்தால் கை சும்மா இருக்காது.

கை சும்மா இருக்கவில்லைதான். உண்மையான பாடு அப்போதுதான் தொடங்கியது. காலை ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடும், செய்ய ஒன்றும் இல்லை. ஜன்னலில் நிற்பார். புல் எழும்பி, சாய்ந்து, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, எண்ணெய் காணாத தலை போல நிற்கும். சமமாக ஒரு வெட்டு வெட்டினால் என்ன என்று தோன்றும். சமையலறையில் கத்தரி இருக்கிறதா என்று கண் தேடும். மனைவி அதை ஒளித்து வைத்திருந்தாள்.

“எங்க லேப்ல தட்டுல கிருமி வளர்ப்போம். மூடியைத் திறந்து திறந்து பாத்தா என்ன ஆகும்னு நெனைக்கறீங்க?” என்றாள்.

“என்ன ஆகும்?”

“நமக்கு வேண்டாததெல்லாம் வளரும். வந்து படுங்க.”

ஆனால் பார்க்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதற்கு ஆள் மேலே இருந்தாள். அண்ணி தைத்துக்கொண்டே பார்த்தாள். முதலில் மகளிடம் சொல்லியனுப்பினாள், கேட்டோரம் இரண்டு பத்தை சேர்ந்துவிட்டது என்று. பிறகு நேராகவே சொல்ல ஆரம்பித்தாள். இவர் வேலையிலிருந்து வந்து கேட்டைத் திறந்ததும் மிஷின் நிற்கும். குழாய்ப் பக்கம் ஏறுது, மரத்துக்கு இடது பக்கம் அப்படியே நிக்குது, நேத்து பையன் பந்தைத் தேடி மிதிச்சிட்டான், ரெண்டு அறை வெச்சேன். இவர் தலையாட்டிவிட்டு உள்ளே போவார். இன்னும் கார் தெருவிலா முற்றத்திலா என்ற பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

கார் பத்து நாள் முன்னதாகவே வந்துவிட்டது.

அன்று அரங்கில் பெரிய ஆட்டம். நாற்பதாயிரம் பேர். இடைவேளையில் மனைவி போனில் ஒரே வரி அனுப்பியிருந்தாள்: கார் வந்துடுச்சு. அதற்குப் பிறகு மைதானம் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. யார் கோல் போட்டது என்றுகூடத் தெரியாது. மனதுக்குள் நாலு சக்கரம் அவருடைய பத்தைகள் மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அப்படி ஏற்றினாலும் தப்பில்லை. அவர் கணக்குப்படி முற்றத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் மூடியிருக்கிறது. சொன்ன சொல் சொல்தான். சிமெண்ட் மூட்டை எங்கே கிடைக்கும் என்றுகூட யோசித்துவிட்டார். கூட்டம் கலைந்ததும், ஆட்டத்தில் பெயர்ந்த பத்தைகளை அடைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

கார் தெருவில் நின்றது. வெள்ளை, மின்னிக்கொண்டு. அண்ணன் கேட்டில் சாய்ந்து நின்றிருந்தார். கையில் சாவி.

“வந்துட்டியா. நீயே பாத்துச் சொல்லு. புல்லு இருக்கா, இல்லையா?”

அவர் நினைத்திருந்தால் இருக்கு என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கலாம். மருந்துக்கடைக்காரருக்குப் புல்லில் என்ன தெரியும்?

“முக்கால்கூட வரல அண்ணா. பாதிக்கு மேல, அவ்வளவுதான். மரத்தடில வரவே வராது. நான் ஜெயிக்கல.”

அண்ணன் சாவியை விரலில் சுற்றினார். “அப்ப குழைக்கறியா?”

“குழைக்கிறேன்.”

சொன்னதும் கால் நின்ற இடத்தில் நிற்கவில்லை. உள்ளே நடந்து, வெறும் மண் தெரிகிற இடங்களைத் தானே காட்ட ஆரம்பித்தார், இங்கே இல்லை, இங்கே இல்லை, இதோ இங்கே இல்லை என்று. அண்ணன் பின்னாலேயே வந்தார். தன்னையறியாமல் மண் உள்ள இடமாகப் பார்த்துப் பார்த்துக் காலை வைத்தார்.

மேலிருந்து ஏதோ கனமாக விழுந்தது. சாம்பல் நிறத் துணி, ஒரு பெரிய மூட்டையாக. அண்ணன் பிரித்தார். காரின் அளவை முன்பே கேட்டு வாங்கித் தைத்த உறை. பக்கவாட்டில் கண்ணாடிக்குக்கூடத் தனியாகப் பை வைத்துத் தைத்திருந்தது. ஒரு நாளில் தைக்கிற வேலை இல்லை அது.

“வெளியவே மூடுங்க” என்றாள் அண்ணி.

“அவனே இல்லைங்கறான்.”

“அவருக்குக் கீழேருந்து என்ன தெரியும்? நான் ரெண்டு மாசமா பாக்கறேன். வருது. நடுவுல கொண்டுபோய் வண்டியை ஏத்துனீங்கன்னா, இவ்வளவு நாள் நான் பாத்ததுக்கு என்ன அர்த்தம்?”

அண்ணன் மேலே பார்த்தார், தம்பியைப் பார்த்தார், கையிலிருந்த உறையைப் பார்த்தார். நாலு மாதமாக மனதில் ஓட்டிய வண்டி அது, தெருவில் நிறுத்த மனம் வரவில்லை என்பது முகத்தில் எழுதியிருந்தது.

“எவனாவது கீறினா நீதான் பொறுப்பு” என்றார், யாரிடம் என்று தெளிவில்லாமல். உறையின் ஒரு முனையைத் தம்பி கையில் கொடுத்தார். இரண்டு பேரும் தெருவுக்குப் போய், ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்து, சட்டை மாட்டுவது போல் மாட்டினார்கள். சரியாகப் பொருந்தியது.

திரும்பி வந்தபோது பிள்ளைகள் இரண்டும் ஓரமாக, குழாயடியில் அடர்ந்திருந்த இடத்தில், வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தன. புல் அவர்கள் கணுக்காலை மறைத்தது. ஓர் இலை உயரம், ஒன்று குட்டை, ஒன்று சாய்ந்தது. எந்த அரங்கிலும் இப்படி ஒரு புல்தரைக்கு அவரை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். விரல்கள் பரபரத்தன. கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு படியேறினார்.

கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தார். மரத்தைச் சுற்றிச் சருகு வட்டம், அதற்கு வெளியே திட்டுத் திட்டாகப் பச்சை, ஒன்றை ஒன்று எட்டிப் பிடிக்கப் போகிற தூரத்தில்.

“கேட்டுக்கு வலது பக்கம் பாருங்க” என்றாள் அண்ணி, தலை நிமிராமல். “நேத்து அந்த ரெண்டுக்கும் நடுவுல எடம் இருந்துச்சு.”

அவர் பார்த்தார். பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“உக்காருங்க தம்பி, எவ்வளவு நேரம் வேணாலும்” என்றாள். “காலை மட்டும் ஆட்டாதீங்க. தையல் கோணுது.”